தொட்டி இருந்த இடம்

மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து சந்தனமாரி மொட்டைமாடியின் நடுவில் நின்றாள். தொட்டி நிறைந்து வழிகிற வரைக்கும்தான் நேரம். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து தண்ணீர் ஏற்றுவது அவள் வேலை, வழிந்தால் ஏச்சு வாங்குவதும் அவள் வேலை, இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் அவளுடைய கராத்தே. மற்ற வீட்டில் பெண்கள் மோட்டார் ஓடும்போது துணி உலர்த்துவார்கள், இவள் கட்டா செய்வாள். கீழே மகள் தர்ஷிகா கிளம்பிக்கொண்டிருக்கிறாள். பீரோ திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பாளையங்கோட்டை ரோட்டில் ஜோயல் மாஸ்டர் புதிதாகத் திறந்திருக்கிற ஹாலில் இன்றைக்கு அவளுக்கு முதல் வகுப்பு. சுவர் முழுக்கக் கண்ணாடியாம், தரை முழுக்க மெத்தையாம். போகட்டும். பெற்ற தாயிடம் படித்தது போதும் என்று தோன்றிவிட்டது, போகட்டும். ஆனால் தொட்டி நிறைவதற்குள் கட்டாவின் மூன்றாவது திருப்பத்தில் இந்த வலது கால் ஒரே ஒரு தடவை, தானாக, முழுசாகப் போய் விழுந்துவிட்டால், இறங்கிப் போய் மகளின் பையை வாங்கிக் கீழே வைத்து, போகாதே, நானே சரி பண்ணித் தருகிறேன் என்று சொல்லலாம். விழாவிட்டால் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது?

கைகளைச் சேர்த்துக் குனிந்து வணங்கினாள். எதிரே கிழக்கில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். எதிரி இல்லாத சண்டைதான் கட்டா என்று தன்னிடம் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குச் சொல்வாள். தடுப்பு, குத்து, திருப்பம் எல்லாம் வரிசை மாறாமல் வரவேண்டும், தொடங்கின இடத்திலேயே வந்து முடியவேண்டும். முடியாவிட்டால் நடுவில் எங்கேயோ ஓர் அடி களவு போயிருக்கிறது என்று அர்த்தம், நடுவர்களுக்கு அது போதும். முதல் திருப்பம், சரி. இரண்டாவது, சரி. மூன்றாவது, வலப்பக்கம் திரும்பி இடது கையால் தடுத்து வலது காலை நீளமாக முன்னே வைத்துக் குத்தவேண்டும். கால் பாதியிலேயே தரையைத் தொட்டுவிட்டது. தொட்டபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கால் விரல்களுக்கு முன்னால் அந்த வட்டம். மாடி முழுக்க வெயிலும் மழையும் பட்டுக் கறுத்துப்போன தட்டோடுகள், தொட்டி உட்கார்ந்திருந்த இடம் மட்டும் நேற்றுப் பதித்த மாதிரிச் சிவப்பாக, வட்டமாக. தொட்டியை மாடிப்படிக் கூரைக்கு மாற்றி ஒரு வாரம் ஆகிறது. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துத்தான் கால் நிற்கிறது, சனியன். நினைத்துக்கொண்டு வைத்தால் போகிறதுதான். ஆனால் நினைத்தால் கை பிந்துகிறது. கால் போய்ச் சேர்ந்து சும்மா நிற்க, குத்து பின்னால் வருகிறது. பார்க்கிறவனுக்கு உடனே தெரிந்துவிடும். நினைக்காமல் போகவேண்டும், நினைக்காமல் இருந்தால் நின்றுவிடுகிறது.

சரி, மெதுவாகச் செய்து பார்ப்போம் என்று மறுபடி நடுவுக்கு வந்தாள். மெதுவாகச் செய்வது ஒரு முறை, மூச்சை இழுத்து விட்டு, ஒவ்வொரு அசைவையும் தண்ணீருக்குள் செய்வதுபோல. மேலே மாடிப்படி அறையின் கூரையில் இப்போது உட்கார்ந்திருக்கிற தொட்டிக்குள் தண்ணீர் தபதபவென்று விழுகிற சத்தம் கேட்டது. அடியில் விழும்போது சத்தம் பெரிதாக இருக்கும், நிறைய நிறைய மெலிந்துவிடும். இன்னும் நேரம் இருக்கிறது. முன்னே அந்தத் தொட்டி அங்கேதான் மூலையில் இருந்தது, படிக்கட்டை ஒட்டி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல். இவள் பக்கத்துத் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து வகுப்பு தொடங்கிய அடுத்த மாதம், கணவனின் அண்ணன் செந்தூர்பாண்டி ஆள் கூட்டிவந்து, அதைத் தூக்கி மாடியின் தென்பாதியில், சரியாக நட்டநடுவில் வைத்தார். "அந்த எடத்துக்குக் கீழதாம்மா பில்லரு ஓடுது. பாரம் தாங்கணும்லா?" என்றார். மூலையிலும் பில்லர் உண்டு என்பது வீடு கட்டின கொத்தனுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். "சரி பெரியத்தான்" என்றாள். ராத்திரி கணவனிடம் சொன்னபோது அவன் துறைமுகத்திலிருந்து வந்த களைப்பில் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஏட்டி, ஒரு தொட்டிதான? சுத்திப் போனா என்ன, தேஞ்சா போவ?" என்றான். சுற்றிப் போனாள். இடது கை மெல்ல எழுந்து தடுத்தது, இடுப்பு திரும்பியது, வலது கால் தரையை உரசிக்கொண்டு முன்னே போயிற்று, போகிறது, போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், விளிம்பில் வந்ததும் எருமை மாதிரி நின்றது. மெதுவாகச் செய்ததில் ஒரே ஒரு லாபம், அது நிற்பதை நன்றாகப் பார்க்க முடிந்தது.

எண்ணிக்கொண்டு செய்வோம். இச்சி, நி, சான். பிள்ளைகளுக்கு எண்ணிக்கை போட்டுப் போட்டு அவள் தொண்டை ஆண்பிள்ளைத் தொண்டையாகிவிட்டது என்று மாமியார் உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டாவின் ஜப்பான் பெயர் பிள்ளைகள் வாயில் நுழையாது, அதனால் தொட்டிக் கட்டா என்று வைத்துக்கொண்டார்கள். மிஸ், இன்னிக்குத் தொட்டிக் கட்டாவா மிஸ்? சிரிப்பு வரும், அவளும் சிரித்திருக்கிறாள். தொட்டி கிட்ட வரும்போது அரை அடி, போட்டியில வைக்கும்போது முழு அடி, புரிஞ்சுதா? புரிஞ்சுது மிஸ். எல்லோருக்கும் புரிந்தது, கால்களைத் தவிர. எத்தனை பிள்ளைகள் போட்டிக்குப் போய்த் தொட்டியே இல்லாத மைதானத்தில் தொட்டியைக் கண்டு நின்றார்கள். கவனம் போதாது, பயம், பழக்கம் பத்தாது என்று அவர்களையே ஏசியிருக்கிறாள். பிறகு தர்ஷிகா. போன மாதம் திருநெல்வேலியில் கடைசிச் சுற்று. மகள் சிவப்பு பெல்ட் கட்டி நின்றது அழகாக இருந்தது. எதிரே கோவில்பட்டிப் பெண், இவளில் பாதி வேகம்கூட இல்லை. மூன்றாவது திருப்பம் வந்தது. அரங்கத்து மேலடுக்கில் உட்கார்ந்திருந்த அவளுடைய வலது கால், செருப்புக்குள், மகளின் காலோடு சேர்ந்து சுருங்கியது. முடித்தபோது தர்ஷிகா தொடங்கின கோட்டிலிருந்து விலகி நின்றாள். நடுவர்கள் தூக்கிய கொடிகள் எல்லாம் நீலம். ஒன்றுகூடச் சிவப்பு இல்லை.

திரும்பும் பஸ் வல்லநாட்டைத் தாண்டியது. மகள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள், "அந்தத் தொட்டிய நகத்தச் சொல்லி பெரியப்பாட்ட ஒரு வாட்டிகூடக் கேக்கலையாம்மா நீ?" திட்டியிருந்தால் திரும்பத் திட்டலாம். அழுதிருந்தால் தோளில் சாய்த்துக்கொள்ளலாம். இப்படிக் கேட்டால்? கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியாது, உன் அப்பா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்று தெரியாது, அதற்குப் பிறகு அடுப்படியில் பெரியம்மா பாத்திரத்தை எப்படி வைப்பாள் என்று தெரியாது. இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. "தூங்கு, ஊரு வந்தா எழுப்புதேன்" என்றாள். தர்ஷிகா தூங்கவில்லை.

எண்ணியும் அதே விளிம்பில்தான் நின்றிருக்கிறோம் என்று திடீரென உறைத்தது. எண்ணுவது வாய், நிற்பது கால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. தண்ணீர் விழும் சத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறதா? கண்ணை மூடிச் செய்வோம். கண்ணுக்கு வட்டம் தெரியாவிட்டால் காலுக்கும் தெரியாதே. மூடிக்கொண்டாள். உடனே மாடி பெரிதாகிவிட்டது. உள்ளங்காலில் தட்டோட்டின் சூடு, உப்பளத்துக் காற்று, உதட்டில் கரிப்பு, கீழே மோட்டாரின் இரைச்சல், அதற்கும் அடங்கி எங்கேயோ பெரியத்தானின் டிவி. முதல் திருப்பம், காற்று இடது கன்னத்தில். இரண்டாவது, காற்று முதுகில். மூன்றாவதுக்குத் திரும்புகிறபோது மூக்கில் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாசம் வந்தது. சத்தியமாக வந்தது. முகத்தில் அந்தத் தொட்டியின் நிழல்கூட விழுந்தது, குளிர்ச்சியாக. கால் நின்றது. கண்ணைத் திறந்தால் வெறும் வெயில். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் அவளுக்காக அசையாத தொட்டி எப்படி அசைந்தது? போன வாரம் பெரியத்தான் படுக்கிற அறையில், அவர் கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஈரமாகி, அவர் நெற்றியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது, அதனால் அசைந்தது. காலையில் சொட்டியது, ஆள் வந்தான், கயிறு கட்டினார்கள், மத்தியானச் சோற்றுக்குள் தொட்டி படிக்கட்டுக் கூரை மேலே ஏறிவிட்டது. பில்லராவது, பாரமாவது. மகளின் போட்டி முடிந்து மூன்று வாரம் கழித்து. அதே சொட்டு ஒரு மாதம் முன்னால் விழுந்து தொலைத்திருக்கக் கூடாதா?

இடம் வலம் மாற்றிச் செய்வது ஒரு முறை உண்டு. கண்ணாடியில் தெரிகிற மாதிரி, வலது எல்லாம் இடது. மூளையைத் தட்டி எழுப்புவதற்கு நல்லது என்பார்கள். மாற்றித் தொடங்கினாள், முதலில் கை குழம்பியது, பிறகு பிடி கிடைத்தது. மூன்றாவது திருப்பம் இப்போது வடக்குப் பக்கம் வந்தது, தொட்டி என்றைக்குமே இல்லாத பக்கம். இடது கால் விருட்டென்று பாய்ந்து முழுசாக விழுந்தது, குத்தும் அதே நொடியில் போய் இறங்கிற்று, சட்டையின் கை படீரென்று அடித்தது. அப்படியே நின்றுவிட்டாள். ஐயோ, இவ்வளவு நன்றாக இருக்குமா இது? இத்தனை காலமாக இந்த இடத்தில் இருந்தது இதுதானா? தொடை இழுபட்டு, இடுப்பு திறந்து, உடம்பு முழுக்க ஒரு வழியாகப் போய்க் கை முட்டியில் முடிகிறது. முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமலே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஒரு நொடி, இதையே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தாள். கட்டாவை இடம் வலம் மாற்றிச் செய்தால் முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஜோயல் மாஸ்டர் சிரிப்பார். அன்றைக்குப் போட்டி முடிந்ததும் அவர் மரியாதையாகத்தான் வந்து பேசினார், "மேடம், பாப்பாவுக்குக் காலு நல்ல காலு. அந்த எடத்துல மட்டும் ஏன் குறுக்குது? நல்ல எடமாப் பாத்துப் பழகுனா ஒரு வாரத்துல சரியாயிரும்." ஒரு வாரமாம். சரியாகிவிடும்தான். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டால் இவள் யார்? பல வருஷமாகப் பிள்ளையின் காலைக் கட்டிப்போட்டவள். சரியாகாமல் போனால்? அந்த நினைப்பு வந்ததும் உள்ளே எங்கேயோ சின்னதாக ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது, சே, தாயா நீ, என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஏசியும் அது முழுசாகப் போகவில்லை.

கீழே தர்ஷிகா, "பெரியம்மா, என் ஹேர்பேண்ட பாத்தியளா?" என்று கேட்டாள். தன்னைக் கேட்கவில்லை. முன்பெல்லாம் ஒரு ஊசி காணோம் என்றால்கூட அம்மா என்று மாடி அதிரக் கத்துவாள். கடைசியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செய்கிற முறையையும் செய்து பார்த்தாள், முடிவிலிருந்து தொடக்கத்துக்கு. அதில் அந்தக் கால் முன்னே போகவேண்டியதில்லை, திரும்பி வந்தால் போதும். போகவே போகாத இடத்திலிருந்து எப்படித் திரும்பி வருவது? அரை அடியிலிருந்துதான் திரும்பியது. வணங்கி நின்றபோது நடுவிலிருந்து ஒரு சாண் விலகியிருந்தாள். முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் அதே சாண். பேசிவைத்தது போல ஒரே கணக்காய்த் தப்பு செய்கிறது உடம்பு.

தண்ணீர்ச் சத்தம் மெலிந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. எதிரிக்கு ஒரு முகம் வைத்துச் செய்கிற முறைதான் பாக்கி. வெறும் காற்றைக் குத்தாதீர்கள், உங்களுக்குப் பிடிக்காத ஒருவனை அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வாள், அவர்கள் கணக்கு வாத்தியாரை நிறுத்துவார்கள். சந்தனமாரி வட்டத்துக்குள் பெரியத்தானை நிறுத்தினாள். கைலி, மேலே துண்டு, பல் குத்துகிற குச்சி. உண்மையில் அவர் ஒரு தடவைகூட அவளைக் கடிந்து பேசியதில்லை, எப்போதும் அம்மா போட்டுத்தான் பேசுவார், அதுதான் பெரிய கொடுமை. மூன்றாவது திருப்பத்தில் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். இடது கை தடுத்தது. வலது கால் கிளம்பி, அரை அடிகூடப் போகாமல், முன்னெப்போதையும் விடக் குறைவாக, அதிலும் பாதியில் ஒதுங்கி நின்றது. படிக்கட்டில் அவர் எதிரே ஏறி வரும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவாளே, அதே மாதிரி. குத்து அவர் சட்டையில்லாத நெஞ்சுக்கு வெகு முன்னாலேயே முடிந்துபோயிற்று. அவளுக்கே அசிங்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தாள், அடுத்த வீட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கா இருந்தது.

போதும். எந்த முறையும் வேண்டாம். கடைசியாக ஒரு தடவை, சும்மா. நடுவில் வந்து நின்று வணங்கினாள். நினைக்காதே என்றுகூட நினைக்கவில்லை. களைத்துப் போயிருந்ததாலோ என்னவோ உடம்பு லேசாக இருந்தது. முதல் திருப்பம் தண்ணீர் ஓடுவதுபோல் போயிற்று. காற்று வந்தது. இரண்டாவது. கைகள் தங்கள் பாட்டுக்கு வந்து போயின, மோட்டார் சத்தம்கூடக் காதில் இல்லை, வந்துவிடும் போலிருக்கிறதே, வந்துவிடும், தர்ஷி, ஏ தர்ஷி, மேலே வா, பார். அந்த நேரத்தில் கூரையின் மேலே தொட்டி வழிந்தது. தண்ணீர் சுவரோடு சரிந்து மாடித் தரையில் சளார் என்று விழுந்து அவள் காலடி வரை தெறிக்க, கீழேயிருந்து பெரியத்தானின் குரல், "மாரீ! தண்ணி போவுது பாரு, மோட்டார ஆப் பண்ணும்மா!"

அவள் ஓடினாள். சுவிட்ச் தெற்கே, படிக்கட்டுச் சுவரில். இரண்டே எட்டில் போய்ச் சேர்ந்து சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் இழுத்து முனகி அடங்கிற்று. வழிந்த தண்ணீர் அதற்குள் வட்டத்தைத் தொடாமல் ஓரமாக மாடியில் பாதி தூரம் பரவியிருந்தது. திரும்பியபோது படிக்கட்டு வாசலில் தர்ஷிகா நின்றுகொண்டிருந்தாள், தோளில் பை, வெள்ளை உடுப்பு, கொடியில் காய்ந்த பெல்ட்டை எடுக்க வந்திருக்கிறாள் போல. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். சந்தனமாரியும் பார்த்தாள். சிவப்பு வட்டத்தின் சரியாக நட்டநடுவில் ஈரமாக ஒரு வலது பாதம், ஐந்து விரலும் தெளிவாக. கறுத்த ஓடுகளின் விளிம்பிலிருந்து அது வரைக்கும் முழு அடி. முழுசுக்கும் மேலே இருக்கும்.

"பெரியப்பா கூப்பிட்டா மட்டும் காலு போவுதும்மா ஒனக்கு," என்றாள் தர்ஷிகா. குரலில் கோபம் இல்லை. பெல்ட்டை உருவிச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "வாரேன்."

"தர்ஷி."

"பஸ்ஸு போயிரும்மா."

படிகளில் அவள் இறங்குகிற சத்தம் கேட்டது. வெயிலில் அந்தப் பாதம் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது, முதலில் சுண்டுவிரல். சந்தனமாரி அது காய்ந்து முடிகிறவரைக்கும் நின்று பார்த்தாள். பிறகு, கூப்பிடட்டும் என்று, கையை நீட்டி மோட்டார் சுவிட்சை மறுபடி போட்டாள்.

மேலே நிறைந்திருந்த தொட்டி உடனே வழியத் தொடங்கியது. அவள் நடுவுக்குப் போய்க் கிழக்கே பார்த்து வணங்கினாள். முதல் திருப்பத்தில், "மாரீ" என்று பெரியத்தான் கூப்பிட்டார். இரண்டாவது திருப்பத்தில், "என்னம்மா பண்ணுத அங்க, தண்ணி ஊத்துதுல்லா?" என்றார், அவர் மனைவியின் குரலும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் பாதங்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. மூன்றாவது திருப்பத்துக்குத் திரும்பினாள். இடது கை தடுத்தது, வலது கால் கிளம்பியது, வட்டத்தின் விளிம்பில் வந்து நின்றது. அதே அரை அடி. அவள் அங்கிருந்தே குத்திவிட்டு அடுத்த அசைவுக்குப் போனாள். கீழே கத்திக்கொண்டிருந்தார்கள். மோட்டாரை நிறுத்த அவள் போகவில்லை.